தும்பறை மலையும் நம் வாலிபரும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மலை நடையைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டுமென்று நமது காரியதரிசி என்னைக் கேட்டார். மலையைப் பற்றிப் பேசுவதிலும் பார்க்க ஏறிக் காட்டுவதல்லவா அழகு என்றேன். "ஐயா, உங்கள் முழங்காலை நாங்கள் அறிவோம், பேசினாற் போதும்" என்று விட்டார். ஆகவே பேசுகிறேன்.

ஆனால் இந்தப் பேச்சு வெறும் பொழுதுபோக்குக்காக அன்று என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். சென்ற வருஷம் நம் சங்கத்துப் பிள்ளைகள் நால்வர், வீட்டில் வேறொன்றைச் சொல்லிவிட்டுத் தும்பறை மலைக்குப் போய், ஓரிரவு முழுவதும் மூடுபனியில் அகப்பட்டுக் கிடந்தார்கள். விடிந்த பிறகு மலையடிக் கிராமத்தவர் ஒருவர் கண்டு கீழே இறக்கிவிட்டார். அந்த இரவு அவர்களுடைய தாய்மார் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். இனிமேல் சங்கத்தின் பெயரால் எவரும் மலைக்குப் போகக் கூடாது, வருடாந்தப் பயணத்தில் மலை என்ற பேச்சே வரக் கூடாது என்று ஒரு பிரேரணை இன்று கூட்டத்தின் முன்னே இருக்கின்றது. அதனைக் கொண்டுவந்த பெரியவர் என் நண்பர். அவருடைய அச்சத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனினும் பிரேரணைக்கு நான் கை தூக்கப் போவதில்லை. ஏன் என்பதைச் சொல்லவே எழுந்தேன்.

முதலில் அந்த மலை எது என்பதைப் பார்ப்போம். கண்டியில் இருந்து கிழக்கே பார்த்தால், வானம் தெளிந்த நாளில், மடக்கிய கையின் விரல் மொளிகளைப் போலச் சில சிகரங்கள் வரிசையாய்த் தெரியும். அதனைக் கண்டுதான் வெள்ளைக்காரன் 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டான். நாட்டார் வழங்கும் பெயர் தும்பறை. கண்டி, மாத்தளை என்னும் இரண்டு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கின்றது. இதன் மிக உயர்ந்த சிகரமாகிய கொம்பனியா ஆறாயிரம் அடிக்கு மேற்பட்டது. 2000ஆம் ஆண்டில் இக்காடு பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாத மலைக்காடு, ஹோர்ட்டன் சமவெளி ஆகிய இரண்டுடனும் சேர்த்து உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. அப்பட்டியலில் தும்பறையின் பங்கு மட்டும் முப்பத்தோராயிரம் ஹெக்டேயருக்கு மேல்.

இந்த மலையின் விசேஷம் அதன் உயரம் மாத்திரமன்று. தென்மேல் பருவக்காற்று வந்தால் மேற்குப் பக்கம் நனையும். வடகீழ்க் காற்று வந்தால் கிழக்குப் பக்கம் நனையும். ஆகவே ஒரே மலையின் ஒரு சரிவில் ஈரக்காடும், மறு சரிவில் வரண்ட காடும், இடையே பத்தனைப் புல்வெளியும், முகட்டில் காற்றுக்கு வளைந்த குள்ளக் காடுமாக இருக்கக் காணலாம். குள்ளக் காடு என்றால் இளங்கன்றுகள் என்று எண்ணாதீர்கள். ஆளுயரமே நிற்கும் முதிய மரங்கள் அவை. பாசி போர்த்து, மூடுபனியை வடித்து, சொட்டுச் சொட்டாய் நிலத்துக்குக் கொடுக்கின்றன. ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை, தெலிகம் ஓயா ஆகியவை எல்லாம் இங்கே பிறந்து, நேரேயோ அம்பன் கங்கை வழியாகவோ, மகாவலியில் போய்ச் சேருகின்றன. வடமத்திய மாகாணத்து வயல்வரை இந்த மலைத் தண்ணீர் போகின்றது.

மூக்கின் நுனியில் இலை முளைத்தாற்போன்ற ஓர் ஓணான் இனம் இந்த மலையிலே மட்டும் உண்டு; உலகத்தில் வேறெங்கும் இல்லை. குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாய் இங்கிருந்த எமர்சன் டெனன்ட் துரையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். மெதுவாகவே நகரும். மரத்தில் ஒட்டியிருந்தால் பாசியென்றே நினைப்போம். இதனைக் களவாகப் பிடித்துக் கடல் கடத்த வருகிறவர்களும் இருக்கிறார்கள் என்றால் அதன் அருமையை ஊகித்துக் கொள்ளுங்கள். நம் பிள்ளைகளோ அதன் பக்கத்தில் வானொலியை அலறவிட்டுக்கொண்டு போகிறார்கள்.

இனி வழியைச் சொல்கிறேன். கண்டியில் இருந்து மகியங்கனை வீதியில் போனால் திகன, தெல்தெனியா வரும். இப்பொழுது நாம் காண்பது புதுத் தெல்தெனியா. பழைய பட்டினம் 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீரிலே மூழ்கிவிட்டது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் அதன் சுவர்கள் தலைகாட்டும். அப்பால் மெதமஹநுவர. பஸ்ஸில் போகும் வாலிபர் இந்த ஊரைக் கவனிப்பதே இல்லை. கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு கடந்து போகிறார்கள். ஆனால் இங்கே சற்றே நிற்க வேண்டும். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பிள்ளைப் பெயருடைய நாயக்கர் குலத்தவன், ஆங்கிலப் படை தலைநகருக்கு வரும்போது ஓடி ஒளிந்தது இந்தத் தும்பறை மலைப்பக்கம்தான். 1815 பெப்ரவரி 18ஆம் நாள் போமுரே என்ற இடத்தில் அகப்பட்டான். பிடித்தவர்கள் ஆங்கிலேயர் அல்லர். எக்னெலிகொடைத் திசாவையின் ஆட்கள். பின்னர் வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். தன் காட்டுக்குள் ஒளிந்த அரசனை, அந்தக் காட்டு வழியை அறிந்தவரே கண்டுபிடித்தார்கள். வழி தெரிந்தவனிடமே மலை அகப்படும். அது அரசனானாலும் ஆண்டியானாலும் ஒன்றுதான்.

மெதமஹநுவர கழிந்து ஹுன்னஸ்கிரிய. அங்கே இடப்பக்கம் பிரியும் பாதை மலைக்குள் நுழைகின்றது. டீன்ஸ்டனில் வனத் திணைக்களத்தாரின் நிலையம் உண்டு. சீட்டு எடுத்து, பெயர் பதிந்து, வழிகாட்டியைக் கூட்டிக்கொள்ள வேண்டிய இடம் அது. அங்கிருந்து தொத்தலுகல சிகரத்துக்கு ஒரு நடைபாதை போகின்றது. முதன்முறை போகிறவர்களுக்கு ஏற்றது. இன்னும் மேலே போனால் லூல்வத்தை. பிறகு கோர்பெட்ஸ் கணவாய். கணவாயில் நின்றால் காற்று மனிதனைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். தொப்பி வைத்திருப்பவர் கையால் பிடித்துக் கொள்க. அதற்கு அப்பால் மலைகளால் சூழப்பட்ட குழியிலே மீமுரே என்னும் கிராமம். அதன் முன்னே முக்கோணமாய் எழுந்து நிற்பது லக்கேகல. இராவணன் தன் விமானத்தை அந்தப் பாறையில் இருந்து செலுத்தினான் என்று கிராமத்தவர் கதை சொல்வர். நமது இராமாயணத்தில் அப்படி இல்லையே என்று அவர்களோடு வாதாடப் போக வேண்டாம். அவர்கள் கொடுக்கும் கித்துட் கருப்பட்டியை வாங்கிக் கடித்துக்கொண்டு கேளுங்கள். மாத்தளைப் பக்கத்தால் போகிறவர்களுக்கு இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனும், பிட்டவலப் பத்தனையும் உண்டு.

இந்தப் பாதைகள் எவரால் வந்தன? இக்கேள்வியை நம் வாலிபர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. சுற்றுலாக்காரனுக்காக வெட்டிய பாதை மிகச் சில. மற்றவை எல்லாம் மீமுரே போன்ற ஊரவர் சந்தைக்கும் கோவிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போன பாதைகள். மீதி, ஏலத்தோட்டத்துப் பாதைகள். ஒரு காலத்தில் பெருமரங்களின் நிழலிலே, கீழ்க்காட்டைச் செதுக்கி, ஏலம் நட்டார்கள். காய் உலர்த்துவதற்கு வாடி கட்டி இரவும் பகலும் விறகு எரித்தார்கள். இது காட்டைக் கெடுக்கின்றதென்று பிற்காலத்தில் தடுத்துவிட்டனர், தடுத்தது சரியே. ஆனால் அந்த ஏலக்காட்டில் வேலை செய்தவர்களில் நம்மவர்களும் இருந்தனர். இடிந்த வாடியின் கற்களைக் காட்டுக்குள் கண்டால், காலால் தள்ளிவிட்டுப் போக வேண்டாம்.

இன்னும் பின்னே போவோம். கோப்பிக் காலத்தில் நம் முப்பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாய், நூறு மைலுக்கும் மேல் நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். கொலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கண்டிக்குப் புகைவண்டி வந்தது 1867இல்; மாத்தளைக்கு 1880இல். அதற்கு முன் வந்தவர்களுக்குக் காலே வண்டி. தம்புள்ளையைக் கடந்து தெற்கே நடந்தபோது அவர்களின் இடக்கைப் பக்கம் நீலமாய் நின்றது இந்தத் தும்பறை மலைதான். அவர்கள் இதனைப் பார்த்து அழகென்று சொல்லியிருப்பார்களா? இன்னும் ஏற வேண்டுமா என்றே ஏங்கியிருப்பார்கள். மலையுச்சிவரை காடெல்லாம் கோப்பிக்கு வெட்டப்பட்டுப் போகாமல் மிஞ்சியதற்கு ஒரு காரணம், 1873இல் கியூ தோட்டத்து அதிபர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி ஐயாயிரம் அடிக்கு மேல் காடழிக்கக் கூடாதென்று அரசாங்கம் கட்டளையிட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே வெட்டிய கோடரி நம்மவர் கையில் இருந்தது, கட்டளை துரையுடையது, கிடைத்த கூலி எத்தனை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துரை வழியாய்ச் சுற்றி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ' நடைபாதையை அண்மையில் அமைத்திருக்கிறார்கள். 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். பெரும்பாலும் பழைய தேயிலைத் தோட்டத்துப் பாதைகளையே தொடுத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துரையும் அவ்வழியில்தான். பல தேசத்தார் கடல் கடந்து வந்து அதில் நடக்கின்றனர். நம் லயத்துப் பிள்ளையைக் கேட்டால், "அது அம்மா மலைக்குப் போற பாதைதானே" என்கிறான். அவன் சொல்வதும் சரி. ஆனால் தன் தாய் நடக்கும் பாதைக்கு ஒரு சரித்திரம் உண்டென்று வேறொருவன் வந்து அவனுக்குச் சொல்லும் நிலை எனக்குச் சற்று வெட்கமாயிருக்கின்றது.

இங்கே ஒரு சிறு விஷயம். மகளிர் உறுப்பினரையும் நடைக்குக் கூட்டிப் போகலாமா என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்ததாம். கூடை நிறையக் கொழுந்தைச் சுமந்துகொண்டு, மழையிலும் வெயிலிலும், செங்குத்துச் சரிவிலே நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்கள் யார்? அவர்களுடைய பேத்திகளுக்கு மலை ஆகாது என்று கோப்பி குடித்துக்கொண்டு தீர்மானிக்கிறோம். விவாதத்தை முடித்துவிடுங்கள்.

இனிச் சென்ற வருஷத்துச் சம்பவத்துக்கு வருகிறேன். அந்த நால்வரிடமும் தனித்தனியே பேசினேன். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். குடிக்கவில்லை, கூத்தடிக்கவில்லை. காசு மிச்சம் என்று வழிகாட்டியை விட்டுவிட்டார்கள். படம் கைத்தொலைபேசியில் இருக்கின்றதே என்று எண்ணினார்கள். மலைக்குள் போனதும் தொலைபேசிக்கு அலை இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியது. காலடியில் ஒரு பாதை தெரிந்தது; அதனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது மரையின் பாதை!

மறுநாள் அவர்களைக் கண்ட கிராமத்தவர் ஒருபாட்டம் ஏசிவிட்டு, அந்த வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்தாராம். மனிதன் நடக்கும் பாதையிலே தலைக்கு மேலும் கிளை வெட்டியிருக்கும். மிருகம் நடக்கும் பாதை நிலத்தில் தெளிவாய் இருக்கும். ஆனால் இடுப்பு உயரத்திலே கிளைகள் மூடிக்கொள்ளும். குனிந்து குனிந்து போக நேர்ந்தால் அப்பொழுதே திரும்பிவிட வேண்டும். நால்வரும் பள்ளிக்கூடத்தில் நன்றாய்ப் படித்தவர்கள். இது ஒரு புத்தகத்திலும் இல்லை.

அவர்கள் செய்யவிருந்த இன்னொரு பிழையையும் அவர் தடுத்தார். நீரோடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பது நாம் எல்லோரும் கேள்விப்பட்ட யோசனை. சமவெளியிலே அது சரி. தும்பறையிலே ஓடை நம்மை அருவியின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். வழி தவறினால் நின்ற இடத்தில் நில்லுங்கள், ஒன்றாய் இருங்கள், ஈர உடையை மாற்றுங்கள், விடியும்வரை பொறுங்கள். அந்தப் பிள்ளைகள் பயத்தாலேயே நின்றார்கள். பயம் அன்றைக்கு உதவி செய்தது.

பெரியோர்களே, இந்த நால்வரும் மலைக்குப் போனதால் ஆபத்தில் விழவில்லை. சொல்லாமல் போனதாலும், வழி தெரிந்தவர் முன்னே இல்லாததாலும் விழுந்தார்கள். நாம் கதவைப் பூட்டினால் என்ன நடக்கும்? போகிறவன் போகத்தான் போகிறான். இன்னும் கொஞ்சம் இரகசியமாய்ப் போவான். சொல்லாமல் போவதை நாமே கட்டாயமாக்கியவர்கள் ஆவோம்.

நமக்கு மலை நடை புதிதல்லவே! நம் தெய்வம் குறிஞ்சிக் கிழவன். கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ப் போகும் வழக்கம் இன்றும் இருக்கின்றது. சிவனொளிபாத மலைக்கு மார்கழி தொடங்கி வைகாசி வரை இரவிலே ஏறுகிறோம். ஏழாயிரத்து முந்நூறு அடி உயரம். இன்னும் எவ்வளவு தூரம் என்று அங்கே எவரும் கேட்கக் கூடாது. அது பெரியோர் வைத்த கட்டுப்பாடு. முன்னொரு காலத்தில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பல முறை ஏறிப் பழகிய ஒருவர் தலைவராய் முன்னே நடப்பார். சிங்கள மக்கள் அவரை 'நடே குரா' என்று அழைப்பர். நில் என்றால் நிற்க வேண்டும். நட என்றால் நடக்க வேண்டும். பல்கலைக்கழகத்துப் பட்டமும் பணமும் அவர் முன்னே செல்லாது. இந்த முறையைத்தான் தும்பறைக்கும் கொண்டுபோக வேண்டும் என்கிறேன். மீமுரேயிலும் லூல்வத்தையிலும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணத்தைச் செலவு என்று கணக்கெழுதாதீர்கள்.

வாலிபர்களே, உங்களைப் புகழ்ந்து பேசிவிட்டேன் என்று மகிழ வேண்டாம். உங்களுக்கும் சில வார்த்தை உண்டு. சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டுப் பொலித்தீனைப் பற்றைக்குள் எறிகிறீர்கள். கோவில் வீதியிலே அப்படிச் செய்வீர்களா? வரண்ட காலத்தில் பத்தனையிலே ஒரு சிகரெட்டுத் துண்டு போதும்; மலைச்சரிவே எரிந்து போகும். புல் திரும்ப முளைக்கும், காடு முளைக்காது. அருவியைக் கண்டவுடன் குதிக்காதீர்கள். மேலே மலையில் மழை பெய்வது கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி வருவதைக் கண்டால் கரையேறிவிட வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் நமது கண்டி மாவட்டம் மண்சரிவால் எத்தனை உயிர்களை இழந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீடுகளுக்குச் சோறு கொண்டு போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே பழைய பாதை அப்படியே இருக்கும் என்று நம்பிப் புறப்படக் கூடாது. ஒவ்வொரு முறையும் வனத் திணைக்களத்தாரைக் கேட்டு, திறந்திருக்கும் பாதையிலே மட்டும் போக வேண்டும்.

அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் பலர். அது இரத்தத்தைக் கொஞ்சம் குடிக்கும், உயிரைக் குடிக்காது. நீண்ட காலுறைக்கு மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் ஏறாது. கடித்தால் பிடுங்கி இழுக்காமல் உப்போ தேசிக்காய்ப் புளியோ விட்டால் தானே விழும்.

கடைசியாக ஒரு யோசனை. நேரே தும்பறைக்குப் போக வேண்டாம். தலதா மாளிகைக்கு மேலே உடவத்தகலைக் காடு இருக்கின்றது; 104 ஹெக்டேயர். அரசர் காலத்தில் பொது ஜனம் நுழையக் கூடாத தடைக்காடு. 1856இல் ஒதுக்கக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. அங்கே 'லேடி ஹோர்ட்டன்' நடைபாதை உண்டு. தேசாதிபதி ஹோர்ட்டனின் மனைவியார் பெயரில் அமைந்தது. பைரன் என்ற ஆங்கிலக் கவி இளமையில் அந்த அம்மையாரைக் கண்டு பாடிய பாட்டைப் பாடசாலையில் சிலர் படித்திருப்பீர்கள். கண்டியிலே பிறந்து, கட்டுக்கலைப் பிள்ளையாரை நாள்தோறும் வணங்கி, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள அந்தக் காட்டுக்குள் ஒருமுறையேனும் போகாத வாலிபர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லவில்லை. பெரியோர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். முதலில் அங்கே நடந்து பழகுவோம். பிறகு ஹந்தானை. அதன் பின் வழிகாட்டியோடு, அநுமதியோடு, வீட்டிலே சொல்லிக்கொண்டு, தும்பறையின் தொத்தலுகல.

பிரேரணையைக் கொண்டுவந்த என் நண்பரிடம் காலையில் பேசினேன். வாக்கெடுப்பை அடுத்த மாதம்வரை ஒத்திவைக்க அவர் இணங்கியிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. முதல் நடைக்கு அவரும் வருவாராம். வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு உடவத்தகலை வாசலில் கூடுவோம். சப்பாத்தோடு வாருங்கள், செருப்போடு வருகிறவரைத் திருப்பி அனுப்புவேன். சென்ற வருஷத்து நால்வரும் கட்டாயம் வர வேண்டும். மனிதன் பாதை எது, மரையின் பாதை எது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர்கள் வேலை. உப்புப் பொட்டலம் நான் கொண்டு வருவேன்.